கல்யாண வீடியோவில் அரக்குப் புடவை செங்கல் நிறமாகத் தெரிகிறது: டிகோடரில் எதை மாற்ற வேண்டும்?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மா கல்யாணம் 1994-ல் நடந்தது. விஎச்எஸ் கேசட்டாக இருந்ததை 2009-ல் இரண்டு டிவிடியாக மாற்றி வைத்திருந்தோம். போன மாதம் ஊரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து "எச்டி" ஆக்கி பென்டிரைவில் வாங்கினேன். 1440×1080, எச்.264, எம்பி4 ஃபைல்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அம்மா முதலில் சொன்னது, "என் முகூர்த்தப் புடவை இது இல்லையே." அரக்குக் கூறைப்புடவை செங்கல் மாதிரித் தெரிகிறது. பந்தியில் போட்ட வாழையிலைப் பச்சை கறுத்துப்போயிருக்கிறது. பழைய டிவிடியைப் போட்டால் அரக்கு அரக்காகவே இருக்கிறது.

சரி, டிகோடரில் (அமுக்கிய வீடியோவை விரித்துப் படமாக்கும் மென்பொருள்) ஏதாவது மாற்றினால் சரியாகும் என்று எல்ஏவி வீடியோ டிகோடர் அமைப்புக்குள் போனேன். அவுட்புட் ஃபார்மேட்டில் ஆர்ஜிபி32 (சிவப்பு, பச்சை, நீலமாக அனுப்பும் வடிவம்) தவிர எல்லா டிக்கையும் எடுத்தேன். ஆர்ஜிபி அவுட்புட் லெவல்ஸில் "டிவி" என்று வைத்தேன். ஹார்டுவேர் டிகோடிங்கில் (கிராஃபிக்ஸ் சிப்பே விரிப்பது) காப்பி-பேக் போட்டேன், அதாவது விரித்த படத்தைத் திரும்ப ராமுக்கு எடுக்கும் முறை. புடவை நிறம் மாறவே இல்லை. கறுப்பெல்லாம் சாம்பல் ஆகிவிட்டது, அப்பா தலைமுடி உட்பட.

இதோடு இன்னொன்று. சித்தி மகன் கல்யாண வீடியோவும் என்னிடம் இருக்கிறது, 4கே, எச்இவிசி (எச்.264-க்கு அடுத்து வந்த அமுக்க முறை), 10 பிட். அது என் லேப்டாப்பில் விக்கி விக்கி ஓடுகிறது. இரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றா, வேறு வேறா?

---

மல்லிப்பந்தல்

விஎல்சியில் டூல்ஸ் போய் எஃபெக்ட்ஸில் ஹ்யூவையும் சாச்சுரேஷனையும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள் சகோதரி. எனக்கு இப்படித்தான் ஒருமுறை சரியானது.

---

நீலத்திரை

சகோதரி, ஹ்யூவைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது எல்லா நிறத்தையும் ஒரே அளவு சுழற்றும். புடவையைச் சரி செய்யப் போனால் முகம் கெட்டுப்போகும். மல்லிப்பந்தல் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் உங்கள் ஃபைலில் கெட்டிருப்பது நிறம் இல்லை என்று நினைக்கிறேன். நிறத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்ற குறிப்பு அதில் இல்லை.

வீடியோ ஃபைலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்ச அளவு இருக்கும், அதோடு இரண்டு நிற வித்தியாச அளவுகள், அவ்வளவுதான். திரையில் காட்டும்போதுதான் அதை ஆர்ஜிபியாக மாற்றுகிறோம். அந்த மாற்றத்துக்கு ஒரு கணக்கு உண்டு, அதைத்தான் மேட்ரிக்ஸ் என்கிறார்கள். பழைய எஸ்டி வீடியோவுக்கு பிடி.601, 1982-ல் வந்தது. எச்டிக்கு பிடி.709, 1990-ல் வந்தது. 601-ல் வெளிச்சத்தின் பங்கு சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114. 709-ல் அதுவே 0.2126, 0.7152, 0.0722. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படித்தால் சிவப்பும் பச்சையும்தான் முதலில் அடிபடும். உங்கள் வீட்டில் புடவையும் வாழையிலையும்.

உங்கள் டிவிடி 720×576, அதில் இருப்பது 601. ஸ்டூடியோவில் அளவை மட்டும் 1080-க்குப் பெருக்கிவிட்டு, உள்ளே இருக்கும் எண்களை 601-லேயே விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இது எந்த மேட்ரிக்ஸ் என்று ஃபைலில் எழுதவும் இல்லை. குறிப்பு இல்லாத ஃபைலைப் பார்த்ததும் பிளேயர் அளவை வைத்து ஊகிக்கும். எம்பிவி என்ற பிளேயரின் விதி இதுதான்: அகலம் 1280-க்குக் குறையாமல் இருந்தாலோ, உயரம் 576-ஐத் தாண்டினாலோ 709, இல்லாவிட்டால் 601. உங்கள் ஃபைல் எச்டி அளவில் இருப்பதால் 709 என்று படிக்கிறது.

இது வெறும் ஊகமாக இருக்க வேண்டாம். இரண்டு வேலை செய்யுங்கள். மீடியாஇன்ஃபோவில் (ஃபைலின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) புது ஃபைலைத் திறந்து "மேட்ரிக்ஸ் கோஎஃபிஷியன்ட்ஸ்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அப்புறம் டிவிடியிலும் புது ஃபைலிலும் ஒரே ஃப்ரேமில் நிறுத்தி, புடவையில் ஒரே இடத்தில் கலர் பிக்கர் வைத்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்ணையும் இங்கே போடுங்கள். அதற்கு முன் எல்ஏவியில் செய்ததையெல்லாம் ரீசெட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அளவு தப்பும்.

---

காவிரிக்கரை

நன்றி அண்ணா. ரீசெட் செய்துவிட்டேன். மீடியாஇன்ஃபோவில் அந்த வரியே இல்லை. கலர் என்று ஆரம்பிக்கும் எந்த வரியிலும் 601, 709 எதுவும் இல்லை.

அம்மா மணையில் உட்கார வரும் இடத்தில் நிறுத்தினேன். புடவை மடிப்பில் வெளிச்சம் நேராக விழும் இடம்.

டிவிடி: 110, 15, 25
புது ஃபைல்: 117, 26, 24

வாழையிலை டிவிடியில் 50, 130, 40. புதிதில் 45, 116, 37.

புடவையே பீரோவில்தான் இருக்கிறது. எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். டிவிடி நிறம்தான் கிட்டத்தில் வருகிறது.

---

நீலத்திரை

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். இப்போது கணக்கைப் பாருங்கள்.

110, 15, 25 என்ற அரக்கை 601-ல் எழுதினால் வெளிச்சம் 44.5, நீல வித்தியாசம் −11, சிவப்பு வித்தியாசம் 46.7. இந்த மூன்றையும் 709-ல் திருப்பினால்:

சிவப்பு = 44.5 + 1.5748 × 46.7 = 118
பச்சை = 44.5 + 0.1873 × 11 − 0.4681 × 46.7 = 25
நீலம் = 44.5 − 1.8556 × 11 = 24

நீங்கள் அளந்தது 117, 26, 24. வாழையிலைக்கும் இதே கணக்கைப் போட்டால் 44, 117, 37 வருகிறது. உங்கள் அளவு 45, 116, 37. ஓரெண் வித்தியாசம் அமுக்கத்தில் வருவது. இனிச் சந்தேகமே வேண்டாம். அரக்கில் பச்சை 15-லிருந்து 25-க்கு ஏறியதால்தான் கண்ணுக்குச் செங்கலாகத் தெரிகிறது.

நல்ல செய்தி என்னவென்றால் உங்கள் அம்மா புடவையின் நிறம் எங்கேயும் போகவில்லை. அந்த ஃபைலுக்குள் அரக்காகவே இருக்கிறது.

புடவையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருஷத்தில் பட்டும் மங்கும், அன்றைய வீடியோ விளக்கின் மஞ்சளும் படத்தில் கலந்திருக்கும். டிவிடியோடு ஒப்பிடுவதுதான் சரி.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் எம்பிவியில் ஃபார்மேட் ஃபில்டரில் கலர்மேட்ரிக்ஸ் பிடி.601 என்று கொடுத்தால் உடனே சரியாகும். எஃப்எஃப்டிஷோ என்ற பழைய டிகோடர் காலத்தில் ஆர்ஜிபி கன்வெர்ஷன் பக்கத்திலேயே 601, 709 என்று தேர்ந்தெடுக்க இடம் இருந்தது. எல்ஏவி அமைப்புப் பக்கத்தில் அந்தத் தேர்வு கிடையாது. அதனால்தான் நீங்கள் அங்கே எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

ஃபைலிலேயே சரி செய்ய, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்264 மெட்டாடேட்டா என்ற பிட்ஸ்ட்ரீம் ஃபில்டர் இருக்கிறது. கோடெக் காப்பி வைத்து, மேட்ரிக்ஸ் கோஎஃபிஷியன்ட்ஸ் 5 என்று கொடுங்கள். 5-ம் 6-ம் கணக்கில் ஒன்றுதான், பால் (PAL, நம் ஊர்ப் பழைய டிவி முறை) வீடியோவுக்கு 5 போடுவது வழக்கம். படத்தைத் திரும்ப அமுக்குவதில்லை, குறிப்பு மட்டும் எழுதப்படும். ஃபைலைக் காப்பி எடுக்க ஆகும் நேரம்தான் ஆகும்.

---

சுழல்விசிறி

சாம்பல் கறுப்பு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அது தனிப் பிரச்சினை. வீடியோவில் கறுப்பு 0 இல்லை, 16. வெள்ளை 255 இல்லை, 235. கணினித் திரை 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும். மாற்றும்போது இந்த 16-ஐ 0-க்கு இறக்க வேண்டும். "டிவி" என்று வைத்தால் இறக்காமல் 16-ஆகவே அனுப்பும். அதனால்தான் சாம்பல். டிகோடரும் இறக்கி, கிராஃபிக்ஸ் டிரைவரும் இறக்கினால் தலைகீழாக நடக்கும், இருட்டுப் பகுதி எல்லாம் ஒரே கறுப்பாக அடைந்துபோகும்.

அந்த அமைப்பு டிகோடரே ஆர்ஜிபியாக மாற்றி அனுப்பினால்தான் வேலை செய்யும். ஆர்ஜிபியாக மாற்றாத என்வி12 வடிவில் அனுப்பினால் அதற்கு எந்த விளைவும் இல்லை, மாற்றத்தை ரெண்டரர் (படத்தைத் திரையில் வரையும் பகுதி) பார்த்துக்கொள்ளும். என்வி12, பி010 (அதன் 10 பிட் வடிவம்) டிக்கெல்லாம் இருக்கட்டும், மாற்றம் ஒரே இடத்தில் நடக்கட்டும்.

உங்கள் 4கே விக்குவதற்கும் ஆர்ஜிபி32-தான் காரணம். ஒரு 4கே ஃப்ரேம் ஆர்ஜிபி32-ல் 33 எம்பி. அதை சிபியு மாற்றி, திரும்ப கிராஃபிக்ஸுக்கு அனுப்ப வேண்டும்.

---

நீலத்திரை

முதல் இரண்டு பத்தியும் முழுச் சரி. கடைசிப் பத்தியில் மட்டும் மாறுபடுகிறேன். 4கே ஃப்ரேம் பி010-ல் 24.9 எம்பி, ஆர்ஜிபி32-ல் 33.2 எம்பி. மூன்றில் ஒரு பங்கு கூடுதல், சுமைதான். ஆனால் இரண்டாம் தலைமுறை இன்டெல் சிப்பில் எச்இவிசி ஹார்டுவேர் டிகோடர் கிடையாது. 8 பிட் எச்இவிசி ஆறாம் தலைமுறையில் வந்தது, 10 பிட் ஏழாம் தலைமுறையில். காப்பி-பேக் என்று தேர்ந்தெடுத்திருந்தாலும் இந்த ஃபைலுக்கு அது வேலையே செய்திருக்காது. முழுக்க சிபியுதான் சுமந்திருக்கும்.

சகோதரி, ஒரு சோதனை. எஃப்எஃப்எம்பெக்கில் அந்த 4கே ஃபைலை உள்ளீடாகக் கொடுத்து, வெளியீட்டை நல் (null) என்று வையுங்கள். படம் திரைக்கும் போகாது, வட்டுக்கும் போகாது, டிகோட் மட்டும் நடக்கும். கடைசி வரியில் ஸ்பீடு என்று ஒரு எண் வரும். அது 1-க்குக் கீழே இருந்தால் எந்த அமைப்பை மாற்றியும் பயன் இல்லை.

---

காவிரிக்கரை

4கே ஃபைல்: 0.4
டிவிடி விஓபி (டிவிடியில் படம் இருக்கும் ஃபைல்): 12-க்கு மேல்
புது எச்டி ஃபைல்: 4-க்குப் பக்கம்

---

சுழல்விசிறி

ஒத்துக்கொள்கிறேன். 0.4 என்றால் டிகோடே தாங்கவில்லை. நான் நிறமாற்றத்தின் மேல் பழியைப் போட்டது தவறு. என் கணினியில் எச்இவிசி ஹார்டுவேரில் ஓடும், அதை வைத்துச் சொல்லிவிட்டேன்.

---

மல்லிப்பந்தல்

லூப் ஃபில்டரைத் தவிர்க்கலாமே? விஎல்சியில் அந்த அமைப்பு இருக்கிறது. என் பழைய கணினியில் 1080 வீடியோக்களை அப்படித்தான் ஓட்டுகிறேன்.

---

நீலத்திரை

தவிர்க்கலாம், வேகமும் கூடும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். லூப் ஃபில்டர் கட்டங்களுக்கு இடையே உள்ள விளிம்பை மழுக்குகிறது. அடுத்த ஃப்ரேம் அந்த மழுக்கிய படத்தைப் பார்த்துத்தான் கட்டப்படுகிறது. எல்லாவற்றிலும் தவிர்த்தால் பிழை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, அடுத்த முழு ஃப்ரேம் வரும்வரை படம் கலங்கிக்கொண்டே போகும். வேறு எந்த ஃப்ரேமும் சார்ந்திராத ஃப்ரேம்களில் மட்டும் தவிர்த்தால் பிழை பரவாது. எம்பிவியில் அதற்கு நான்ரெஃப் என்ற தேர்வு உண்டு. 0.9-ல் நிற்கிற ஃபைலை அது 1-க்கு மேல் ஏற்றிவிடும். 0.4-ஐ ஏற்றாது.

த்ரெட் எண்ணிக்கையை ஆட்டோவிலேயே விடுங்கள். ஃப்ரேம் த்ரெடிங்கில் ஒவ்வொரு த்ரெடும் ஒரு ஃப்ரேமை வைத்திருக்கும். இரண்டு கோர் உள்ள சிப்பில் 16 என்று போட்டால் ராம்தான் தீரும்.

அந்த 4கே-வை இரவில் 1080, 8 பிட் எச்.264-ஆக மாற்றி வைத்துப் பார்ப்பதே வழி. 0.4 வேகத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு டிகோடுக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். அமுக்க ஆகும் நேரம் தனி. மாற்றும் முன் மீடியாஇன்ஃபோவில் பிடி.2020, எச்எல்ஜி என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது எச்டிஆர், வெளிச்ச வீச்சு அதிகமான படம். மேட்ரிக்ஸை மட்டும் மாற்றினால் படம் வெளிறிப்போகும், அந்த வீச்சைச் சாதாரணத் திரைக்குச் சுருக்கும் டோன் மேப்பிங் வேண்டும். மூல ஃபைலை அழிக்காதீர்கள்.

---

வன்னிமரம்

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில இருக்கிறன். என்னட்டயும் 1996-ல இஞ்ச எடுத்த கல்யாண வீடியோ கிடக்குது. ஆனா இது 720×480. இதுக்கும் அதே 601 தானோ? அக்கா சொன்ன மாதிரி குங்குமம் எல்லாம் தோடம்பழ நிறமா வருது.

---

நீலத்திரை

அதே 601-தான் தம்பி, மேட்ரிக்ஸ் எண்களில் வித்தியாசமே இல்லை. என்டிஎஸ்சி (வட அமெரிக்கப் பழைய டிவி முறை) என்பதால் அடிப்படை நிறங்கள், அதாவது ப்ரைமரீஸ், கொஞ்சம் வேறு. பாலில் சிவப்பும் நீலமும் 709-ல் இருப்பதேதான், பச்சை மட்டும் இம்மியளவு விலகும். என்டிஎஸ்சியில் மூன்றுமே விலகும்: நிற வரைபடத்தில் சிவப்பின் இடம் 0.630, 0.340, எச்டியில் அது 0.640, 0.330. குறிப்பு எழுதும்போது ப்ரைமரீஸ் 6, மேட்ரிக்ஸ் 6 என்று போடுங்கள். முதலில் மேட்ரிக்ஸைச் சரி செய்யுங்கள், கண்ணுக்குத் தெரியும் தப்பில் பெரும்பங்கு அதுதான்.

---

ஒளிப்பெட்டி

இழையை முழுக்கப் படித்தேன். ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. காவிரிக்கரை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தது பென்டிரைவில். அதாவது டிவியில்.

என் மாமனாரின் அறுபதாம் கல்யாண வீடியோவுக்கு நீலத்திரை சொன்னபடியே குறிப்பு மட்டும் எழுதினேன். கணினியில் அழகாக வந்தது. எங்கள் வீட்டு டிவியில் செருகினால் பழையபடி செங்கல்தான். அந்த டிவி குறிப்பைப் படிக்கவே இல்லை, அளவைப் பார்த்து 709 என்று எடுத்துக்கொண்டது. மாமனார் நூறு பேரை அழைத்திருந்த நாளில்தான் எனக்கு அது தெரிந்தது. மனசு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது.

டிவிக்கு வேண்டுமென்றால் எண்களையே 709-க்கு மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் ஸ்டூடியோ ஃபைலிலிருந்து செய்யாதீர்கள், டிவிடியிலிருந்தே தொடங்குங்கள். புது ஃபைலில் தாலி கட்டும் இடத்தில் கை அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிகிறதா பாருங்கள்.

---

காவிரிக்கரை

தெரிகிறது அண்ணா! அட்சதை போடும் இடத்தில் எல்லார் கையிலும் தெரிகிறது. கேசட்டின் பழுது என்று நினைத்திருந்தேன்.

---

ஒளிப்பெட்டி

கேசட்டின் பழுது இல்லை. உங்கள் டிவிடியில் வினாடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு ஃபீல்டு, ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். அதைப் பிரிக்காமல் அப்படியே பெருக்கியதால் இரண்டு கணமும் ஒட்டிக்கொண்டு படத்தில் உறைந்துவிட்டன. இனி அந்த ஃபைலிலிருந்து பிரிக்க முடியாது. டிவிடியிலிருந்து முடியும்.

நான் செய்த வரிசை இது, மாற்றாமல் செய்யுங்கள். டிவிடியில் இருக்கும் விஓபி ஃபைல்களை முதலில் வட்டுக்குக் காப்பி எடுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் அவற்றைச் சேர்த்து உள்ளீடாகக் கொடுங்கள். ஃபில்டரில் முதலில் பிடபிள்யூடிஃப் (ஃபீல்டுகளைப் பிரிக்கும் ஃபில்டர்), ஃபீல்டுக்கு ஒரு ஃப்ரேம் என்று வையுங்கள். 25 இப்போது 50 ஆகும், அசைவு வழுக்கிக்கொண்டு போகும். அதற்குப் பிறகே ஸ்கேல்: 1440×1080, உள்ளே வரும் மேட்ரிக்ஸ் 601, வெளியே போவது 709. ரேஞ்ச் இரண்டு பக்கமும் டிவி (16 முதல் 235 வரை). கடைசியில் வெளியீட்டுக்கு மேட்ரிக்ஸ், ப்ரைமரீஸ், ட்ரான்ஸ்ஃபர் (வெளிச்ச வளைவு) மூன்றுக்கும் பிடி.709 என்ற குறிப்பு.

ஃபீல்டைப் பிரிக்காமல் ஸ்கேல் செய்யக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிவிடியில் நிறம் படத்தின் பாதி உயரம், பாதி அகலத்தில்தான் இருக்கிறது. ஃபீல்டு வாரியாக அடுக்கப்பட்ட நிறத்தை முழு ஃப்ரேமாக நினைத்து விரித்தால், சிவப்பு விளிம்பில் படிக்கட்டு மாதிரிப் பிசிறு வரும். அரக்குப் புடவையின் ஜரிகைக் கரையில்தான் அது முதலில் கண்ணில் படும்.

நீலத்திரை அண்ணா, வரிசையில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

---

நீலத்திரை

பிழை இல்லை. நான் ஃபைலை மட்டும் பார்த்தேன், நீங்கள் அவர்கள் வீட்டுக் கூடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். குறிப்பு மட்டும் எழுதும் வழி கணினியில் பார்ப்பவர்களுக்கு இருக்கட்டும். காவிரிக்கரை டிவிடியிலிருந்தே செய்வதுதான் சரி.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஐந்து நிமிடத் துண்டை மட்டும் முதலில் மாற்றி, டிவியில் போட்டுப் பாருங்கள். முழுப் படத்தையும் மாற்றிவிட்டு ஏமாற வேண்டாம்.

---

காவிரிக்கரை

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். இரண்டாவது டிவிடியில் ஒரு விஓபி பாதியில் நின்றுவிட்டது. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து, வேறொரு கணினியின் டிரைவில் போட்ட பிறகுதான் படித்தது. இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்று பயந்துவிட்டேன்.

ஐந்து நிமிடத் துண்டு நேற்று முடிந்தது. கணினியில் அதே மடிப்பில் பிக்கர் வைத்தேன்: 110, 16, 25. டிவியில் போட்டேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து வந்தவள் நின்றுகொண்டே பார்த்தாள். "பாட்டி கடையில எடுத்தது இதுதான்" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் நிற்கிற பெரியம்மாவைக் காட்டி அவள் கட்டியிருந்த மயில்கழுத்துப் புடவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

முழுப் படத்தையும் இன்று இரவு போடுகிறேன். மயில்கழுத்து நிறமும் ஒரு ஃப்ரேமில் அளந்து வைத்திருக்கிறேன், டிவிடியில் 20, 85, 120. முடிந்ததும் ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.

---

வன்னிமரம்

எனக்கும் வந்திட்டுது அண்ணை. குங்குமம் குங்குமமாவே இருக்குது. அந்தப் ப்ரைமரீஸையும் சேர்த்து மாத்த எந்த ஃபில்டர் பாவிக்கிறது?

---

ஒளிப்பெட்டி

ஜீஸ்கேல். மேட்ரிக்ஸ், ப்ரைமரீஸ், ட்ரான்ஸ்ஃபர் மூன்றுக்கும் உள்ளே எது, வெளியே எது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒன்றையும் ஊகத்துக்கு விடாதீர்கள்.